கல்லூரி வாசலில் ஒரு தந்தை

பிள்ளைப்பேறு ஒரு பேறு. நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பெறுவது பெரும்பேறு என்பார்கள். உண்மைதான். ஆயினும் அந்தப் பெரும்பேற்றினுள்ளே ஓர் அச்சமும் உறைகின்றது. ஓரளவே படிக்கும் பிள்ளையின் தந்தை, "கிடைத்த இடத்தில் சேர்ப்போம்" என்று மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். நிறைய மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் தந்தைக்கு அந்த ஆறுதல் இல்லை. பல கதவுகள் திறந்து நிற்கும்போது, எந்தக் கதவினுள் நுழைவது என்ற கேள்வி இரவின் உறக்கத்தைக் கெடுத்துவிடுகின்றது. அந்தக் கேள்வியின் முன் நான் ஒருமுறை தவறி நடந்தேன். அதை மறைக்காமல் எழுதினால், பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர்க்குச் சிறிதேனும் பயன்படும் என்று கருதுகின்றேன்.

நான் வெலிங்டன் தீவிலுள்ள மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தன். பிறந்தது தென்காசிக்கு அருகே ஒரு சிற்றூரில். 2002ஆம் ஆண்டு பணி ஆணையைப் பெற்றுக்கொண்டு ஒரு தகரப் பெட்டியுடன் இங்கே வந்து இறங்கினேன். 'இரண்டு ஆண்டில் மாற்றல் வாங்கிவிடலாம்' என்பது அப்போது என் கணக்கு. மாற்றல் வரவில்லை, திருமணம் வந்தது, மகள் வந்தாள், தீவே ஊராயிற்று.

இந்தத் தீவின் வரலாற்றை இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். என் மகளின் கல்லூரிக் கதை அதிலிருந்துதான் தொடங்குகின்றது. வெண்டுருத்தி என்னும் பழைய தீவை ஒட்டி, மனிதர் தம் கையால் ஆக்கிய நிலம் இது. கொச்சியின் கழிமுகத்தில் கிடந்த மணல் திட்டு பெரிய கப்பல்களை உள்ளே விடாமல் தடுத்து வந்தது. 1920இல் இங்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் அந்தத் திட்டை வெட்டி வழி அமைத்தார். காயலின் அடியைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உயர்த்திய இடமே இன்று நாம் நடமாடும் வெலிங்டன் தீவு. 1928ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தினுள் வந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. அந்நாளைய வைசிராய் ஒருவரின் பெயரே தீவின் பெயராயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நீரோரமாக நடப்பது என் வழக்கம். எதிர்க்கரையில் மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகள் தெரியும். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்தவள், "அப்பா, தண்ணீருக்குள் கொட்டிய சேறு கரைந்து போகாதா? அதன்மேல் எப்படி இவ்வளவு பெரிய கட்டடம் நிற்கிறது?" என்று கேட்டாள். நான் வரலாறு படித்த பி.ஏ. பட்டதாரி. ஆண்டுகளைச் சொல்லத் தெரியும். சேறு ஏன் கரையவில்லை என்பதைச் சொல்லத் தெரியாது. "பெரிய துரை எப்படியோ செய்துவிட்டார் அம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். என் மறுமொழியில் அவள் மனம் நிறையவில்லை என்பதைப் பத்தாண்டுகள் கழித்தே அறிந்தேன்.

அவள் படிப்பில் சிறந்து விளங்கினாள். தமிழைப் பள்ளியில் கற்கும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. என் மனைவிதான் வீட்டில் அரிச்சுவடியிலிருந்து கற்பித்தாள். பத்தாம் வகுப்பில் அவள் பெற்ற மதிப்பெண்கள் வெளியான நாள் முதல், எங்கள் வீட்டுக்கு அறிவுரைகள் வரத் தொடங்கின. ஊரிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் அழைத்துக் கணிப்பொறிப் படிப்பைத் தவிர வேறெதையும் எண்ணிப் பார்க்கவே கூடாது என்றார். அலுவலகத்தில் மேசைக்கு ஒரு கல்லூரிப் பெயர் கிடைத்தது. மகளோ, பன்னிரண்டாம் வகுப்பின் இடையில் ஒருநாள், "எனக்குச் சிவில் என்ஜினியரிங் படிக்க வேண்டும்" என்றாள். என் மாமியார் திடுக்கிட்டு, "வெயிலில் நின்று கொத்தனார்களை மேய்ப்பதற்கா இவ்வளவு படித்தாய்?" என்று கேட்டார். மகள் சிரித்தாளே தவிர, மனம் மாறவில்லை.

இவ்விடத்தில் என் மனத்தில் கிடந்த பழைய முள் ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். மேல்நிலைத் தேர்வில் நானும் நல்ல மதிப்பெண்தான் பெற்றேன். சென்னையிலுள்ள கல்லூரி ஒன்றிலிருந்து கணிதப் பட்டப் படிப்புக்கு அழைப்புக் கடிதம் வந்தது. விடுதிக் கட்டணத்தை எண்ணிப் பார்த்த என் தந்தையார், கடிதத்தை மடித்து மாடத்தில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் இருந்த கல்லூரியில், இடம் இருந்த வரலாற்று வகுப்பில் சேர்ந்தேன். அவரைக் குறை கூறேன். ஆனால் அந்தக் கடிதம் என்னுள்ளே எங்கோ மடித்து வைக்கப்பட்டே இருந்தது. மகள் படிக்கப் படிக்க, அதைப் பிரிக்கும் காலம் வந்ததாக நான் எண்ணினேன். அவளுக்குத் திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 1964இல் தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற நிறுவனம். அதனினும் மேலாக, அது தமிழ்நாட்டில் இருக்கின்றது. 'என் மகள் திருச்சியில் படிக்கிறாள்' என்று ஊரில் சொன்னால் விளக்கம் வேண்டாம்.

வெளிமாநிலத் தமிழர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று அங்கேதான் எனக்குத் தெரிய வந்தது. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்து மாணவர்க்கு உரியவை. மறுபாதி பிற மாநிலத்தவர்க்கு. எது ஒரு மாணவரின் சொந்த மாநிலம்? பெற்றோர் பிறந்த ஊர் அன்று. வீட்டில் பேசும் மொழி அன்று. குலதெய்வம் இருக்கும் இடமும் அன்று. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் படித்துத் தேறினாரோ அதுவே சொந்த மாநிலம். ஆகவே என் மகளுக்குச் சொந்த மாநிலம் கேரளம். அவளுக்குரிய கழகம், 1961இல் நிறுவப்பெற்ற கோழிக்கோட்டுக் கழகம். திருச்சியில் அவள் அயல் மாநிலத்தவள்! விதியைப் படித்த அன்று எனக்கு ஏனோ மனம் கனத்தது. இருபதாண்டுகளாக நான் இவ்வூரில் விருந்தாளி என்றே எண்ணியிருந்தேன். என் மகள் விருந்தாளி அல்லள் என்று அரசாங்கம் முன்பே முடிவு செய்திருந்தது.

தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கைக்கு வழி வேறு. அங்கே 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களே தரவரிசையை முடிவு செய்கின்றன. வெளிமாநிலத்தில் படித்த தமிழகப் பிள்ளைகள் பிறப்பிடச் சான்றிதழ் பெற்று அதில் கலந்துகொள்ளலாம். அந்தச் சான்றிதழுக்காக நானும் ஊருக்குப் போய்வந்தேன். ஆனால் அந்தக் கலந்தாய்வு முடியும் முன்பே, மத்திய நிறுவனங்களில் இடத்தை ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்யும் நாள் வந்துவிடும். இரண்டு கடிகாரங்களும் ஒன்றாக ஓடுவதில்லை என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

மத்திய நிறுவனங்களுக்கு 2015 முதல் பொதுவான இணையவழிக் கலந்தாய்வு நடைபெற்று வருகின்றது. நிறுவனத்தையும் துறையையும் இணைத்து, விருப்ப வரிசையில் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பார்த்து, தகுதிக்கு எட்டும் முதல் இடத்தை ஒதுக்குவார்கள். அதற்குக் கீழே எழுதியவை அவ்வளவில் நீங்கிவிடும். எனவே அந்த வரிசையே பிள்ளையின் வாழ்க்கை வரிசை எனலாம். மகள் மூன்று நாள் உட்கார்ந்து, முந்திய ஆண்டுகளில் எந்தத் தரவரிசை வரை எந்த இடம் கிடைத்தது என்று ஒப்பிட்டு, தானே பட்டியலை ஆக்கினாள். அதை முடிவாக உறுதி செய்வதற்கு ஒருநாள் இருந்தது.

அன்றிரவு வீடு உறங்கிய பின் நான் எழுந்தேன். கடவுச்சொல் என் குறிப்பேட்டில் இருந்தது. பட்டியலைத் திறந்தேன். கோழிக்கோட்டின் சிவில் துறை இரண்டாம் இடத்தில் இருந்தது. முந்திய ஆண்டுக் கணக்கின்படி அவள் தரவரிசைக்குத் திருச்சியில் உலோகவியல் துறை எட்டக்கூடியதாகத் தோன்றிற்று. அதை அவள் கீழே எங்கோ எழுதியிருந்தாள். நான் அதைத் தூக்கி, கோழிக்கோட்டுக்கு மேலே வைத்தேன். உலோகவியல் தாழ்ந்த துறை அன்று. பெருமை மிக்க துறை. ஆனால் அவள் விரும்பிய துறை அன்று. அது எனக்குத் தெரிந்தேயிருந்தது. அலுவலகத்தில் ஒரு கோப்பில் ஓர் எண்ணைத் திருத்தினாலும் அதனருகே சுருக்கொப்பம் இடுவது எங்கள் முறை. இருபதாண்டுகளில் ஒருமுறையும் அதைத் தவறியதில்லை. அன்றிரவு என் வீட்டுக் கோப்பில் ஒப்பமில்லாமல் ஒரு திருத்தம் செய்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காலையில் உறுதி செய்யுமுன் மகள் மீண்டும் ஒருமுறை பட்டியலைப் படித்தாள். முதலில் இயந்திரப் பிழை என்று நினைத்தாள். என் மனைவி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன் நான் பொய் சொல்லவில்லை என்ற ஒன்றே அன்று நான் செய்த நற்செயல்.

மகள் சினந்து பேசவில்லை. பகல் முழுவதும் பேசவே இல்லை. மாலையில் நானே அவளை அழைத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் சென்றேன். நெடுநேரம் கழித்து அவள் கேட்டாள்: "ஊரில் சொல்லிக்கொள்வதற்குத்தானே அப்பா?"

"ஆம்" என்றேன். பிறகு அந்த அழைப்புக் கடிதத்தின் கதையையும் சொன்னேன். அவள் அதை அதுவரை கேட்டதில்லை.

"உங்களுக்குத் திருச்சி வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பட்டியலில் முதல் இடத்தில் எதை எழுதியிருந்தேன் என்று நீங்கள் பார்க்கவில்லையா?" என்றாள்.

நான் பார்த்திருக்கவில்லை. இரண்டாம் இடத்தை மாற்றும் அவசரத்தில் முதல் இடத்தை என் கண் காணவில்லை. அவள் முதலில் எழுதியிருந்தது திருச்சியின் சிவில் துறையைத்தான். அவள் தரவரிசைக்கு அது எட்டுவது அரிது என்று அவளுக்கே தெரியும். ஆயினும் எனக்காக அதை முதலில் வைத்து, தனக்காகக் கோழிக்கோட்டை இரண்டாவதாக வைத்திருந்தாள். பதினேழு வயதுப் பெண் தந்தையின் ஆசைக்கு இடம் விட்டிருந்தாள். நாற்பதைக் கடந்த தந்தை மகளின் ஆசைக்கு இடம் விடவில்லை. அன்றிரவு அவளே பட்டியலைப் பழையபடி ஆக்கி உறுதி செய்தாள். நான் அருகே அமர்ந்திருந்தேன். கோழிக்கோட்டில் இடம் கிடைத்தது.

இதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் கணித மேதை இராமானுசன். அவரும் ஒரு துறைமுக எழுத்தராக இருந்தவர் என்பதால், துறைமுகத் தீவில் எழுத்தனாக இருக்கும் எனக்கு அவரிடம் ஓர் உறவு உண்டு. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அத்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தேர்வில் தேறவில்லை. இரண்டும் பலருக்கு வாழ்வளித்த கல்லூரிகளே. ஆனால் அன்றைய பாடமுறையில் அந்த ஒரு மாணவருக்கு இடமில்லை. 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் வேலைக்கு அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் கற்றவர். இராமானுசனின் குறிப்பேட்டைப் பொருள் உணர்ந்து படிக்கக்கூடியவர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். 1914இல் இராமானுசன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். இரண்டு கல்லூரிகளில் கிடைக்காதது ஓர் அலுவலகத்தில் கிடைத்தது: தான் செய்வதைப் புரிந்துகொள்ளும் ஒருவர். நல்ல இடம் என்பது பெயர்ப்பலகையில் இல்லை. உள்ளே இருப்பவர்களிடம் இருக்கின்றது.

மகள் எனக்குச் சொன்ன மற்றொருவர் வரலாறும் உண்டு. திருச்சூர்ப் பக்கத்தைச் சேர்ந்த பி. கே. திரேசியா 1940களில் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சிவில் துறையில் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பயின்ற முதல் மூன்று பெண்களில் அவர் ஒருவர். 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அன்று மலையாள நாட்டுப் பெண் தமிழகத்துக்குப் படிக்கச் சென்றார். இன்று தமிழ்ப் பெண் கோழிக்கோட்டுக்குச் செல்கின்றாள். இடையில் 1956இல் வரையப்பெற்ற எல்லைக் கோடு ஆட்சிக்கு உரியது. அறிவுக்கு உரியது அன்று. இதை நான் மகளுக்குச் சொல்லவில்லை. மகள் எனக்குச் சொன்னாள்.

கல்லூரியில் சேர்ந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. முதற்பருவத்தில் ஒருநாள் இரவு தொலைபேசி வந்தது. கணிதத் தேர்வில் அவள் பெற்ற மதிப்பெண், பள்ளியில் என்றுமே கண்டிராதது. "அப்பா, இங்கே எல்லாரும் அவரவர் பள்ளியில் முதல்வராக இருந்தவர்கள். நான் நடுவில் எங்கோ நிற்கிறேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. முதல்வராகவே இருந்து பழகிய பிள்ளைகளுக்கு வரும் முதற்சோதனை இதுதான்; இதற்கு நாம் அவர்களை ஆயத்தம் செய்வதே இல்லை. என் நாவின் நுனியில் பல சொற்கள் வந்தன. ஒன்றையும் சொல்லாமல், "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டேன். "சாப்பிட்டேன்" என்றாள். அடுத்த மாதம் மூத்த மாணவி ஒருத்தியுடன் அமர்ந்து படிப்பதாகச் சொன்னாள். தான் தேர்ந்தெடுத்த இடமாதலால், அந்தத் தாழ்வை அவள் யார்மேலும் சுமத்தவில்லை. நான் தேர்ந்தெடுத்த இடமாக இருந்திருப்பின், என்மேல் சுமத்துவதற்கு அவளுக்கு முழு உரிமை இருந்திருக்கும்.

தெரிந்த நண்பர் ஒருவரின் மகன், தந்தையின் விருப்பத்துக்காகப் பெரிய கல்லூரி ஒன்றில் பெரிய துறை ஒன்றில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டில் பெட்டியோடு வீடு திரும்பினான். இப்போது தான் விரும்பியதைப் படித்து நலமாக இருக்கின்றான். ஆனால் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளாத ஓராண்டை எவரும் அவர்களுக்குத் திருப்பித் தர இயலாது.

ஆகவே, கல்லூரி தேடும் அன்பர்களுக்கு என் சிறு அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லத் துணிகின்றேன். 2016 முதல் மத்திய அரசே கல்லூரிகளின் தரவரிசையை வெளியிடுகின்றது, அதைப் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கூடுமானால் பிள்ளையோடு ஒருமுறை நேரில் சென்று, வாயிலில் நிற்காமல் நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் விடுதி உணவுக்கூடத்தையும் பாருங்கள். அங்கே படிக்கும் மாணவர் இருவரிடம் பேசப் பிள்ளையை விட்டு, நீங்கள் விலகி நில்லுங்கள். கட்டணமும் வங்கிக் கடனும் எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். என் தந்தையார் கடிதத்தை மடித்து வைத்தபோது கணக்கையும் சொல்லியிருந்தால், அந்த முள் இத்தனை ஆண்டுகள் இருந்திராது. சொந்த மாநிலம், பிறப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை ஓராண்டுக்கு முன்பே விசாரித்து வையுங்கள். கடைசியாக, பட்டியலின் வரிசையைப் பிள்ளையே எழுதட்டும். மாற்றம் வேண்டுமானால் பகல் வெளிச்சத்தில், பிள்ளையின் எதிரே அமர்ந்து கேளுங்கள்.

மகள் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கின்றாள். சென்ற விடுமுறைக்கு வந்தபோது பழையபடி நீரோரம் நடந்தோம். அவள் தானாகவே நின்று, "அப்பா, சேறு ஏன் கரையவில்லை என்று அன்று கேட்டேனே, நினைவிருக்கிறதா?" என்றாள். பின்னர் விளக்கினாள். சேற்றினுள் நிறைய நீர் அடைபட்டிருக்குமாம். மேலே பாரம் ஏற ஏற அந்த நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, மண் இறுகி வலுப்பெறுமாம். அதற்கு நாள் பிடிக்கும். பாரத்தைச் சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஏற்றினால் மண் பிதுங்கி விலகிவிடும்.

நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். எதிர்க்கரையில் மட்டாஞ்சேரியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. "இன்னும் கொஞ்சம் சொல்லம்மா" என்றேன்.